அப்பர் யாரென்றே தெரியாமல் அப்பர் குருபூசை எதற்கு?

2019 ஏப்ரல் 30 – யாங்கோனிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

எங்கள் கோயிலில் இந்த வாரம் அப்பர் குருபூசை. வழக்கம்போல் பந்தி பந்தியாகச் சாப்பாடு. வரிசையில் நின்ற இளவட்டங்களிடம் "இன்றைக்கு யாருக்குக் குருபூசை?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவன் முனீஸ்வரனுக்கு என்றான், ஒருத்தி சித்திரை மாதப் பூசை என்றாள், மற்றவர்கள் சிரித்தார்கள். பெயரே தெரியாத ஒருவருக்கு நினைவுநாள் எதற்கு? சாப்பாட்டை நிறுத்திவிட்டு அந்தக் காசைத் தமிழ் வகுப்புக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. மற்ற ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 30, இரவு

அண்ணே, நான் பர்மாவில் மோல்மீன் ஊர்க்காரி. கோயில் மண்டபத்தில் பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்புக்குக் காசு வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்தான். போர்டு வாங்கக் காசில்லாமல் சுவரில் கரிக்கட்டியால் எழுதிய வருடமும் உண்டு. ஆனாலும் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். அந்த இளவட்டங்களைக் கோயிலுக்குக் கூட்டி வந்ததே அந்தச் சாப்பாடுதான். வந்த பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேச நமக்கு ஆள் இல்லை. குறை அங்கே இருக்கிறது.

நாளை விரிவாக எழுதுகிறேன்.

மே 1

முதலில் அப்பர் யார் என்று எழுதிவிடுகிறேன், தெரியாதவர்களும் படிக்கலாம்.

ஏழாம் நூற்றாண்டு. பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் மருணீக்கியார். தாயும் தகப்பனும் போன பிறகு அக்கா திலகவதியார்தான் வளர்த்தார். தம்பி சமண மடத்துக்குப் போய்த் தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆளாக இருந்தார். வயிற்றில் சூலை நோய் வந்து எதற்கும் அடங்காதபோது இரவோடு இரவாக அக்காவைத் தேடித் திருவதிகைக்கு வந்தார். அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. திருநீற்றைக் கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அங்கே பிறந்ததுதான் "கூற்றாயினவாறு விலக்ககிலீர்". அன்றிலிருந்து திருநாவுக்கரசர். அப்புறம் அரசன் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கல்லில் கட்டிக் கடலில் போட்டான். கடலில் கிடந்தபோது பாடியது "மாசில் வீணையும் மாலை மதியமும்". எண்பத்தொரு வயது வரை வாழ்ந்தவர் என்பார்கள். திருப்புகலூரில் ஒரு சித்திரைச் சதயத்தில் இறைவனோடு கலந்தார். அதனால்தான் இந்தக் குருபூசை.

இதைச் சொல்ல எனக்கு மூன்று நிமிடம் போதும். பிள்ளைகள் மனத்தில் நிற்க வைப்பதுதான் பாடு.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. 1960-களில் பள்ளிகள் தேசியமயமானபோது நம் தமிழ்ப் பள்ளிகளும் போயின. அதற்குப் பிறகு வந்தவர்கள் தேவாரத்தைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு நோட்டு என்னிடம் இருக்கிறது. அட்டையில் எண்ணெய்க் கறை. உள்ளே பக்கம் பக்கமாக வட்ட வட்ட எழுத்து, ஒவ்வொரு பாட்டின் தலையிலும் மூன்று விரலால் இழுத்த மாதிரி திருநீற்றுக் கோடு. அந்த ஒன்றை மட்டும் எந்தப் பிள்ளையும் தப்பில்லாமல் வாசிக்கும்.

மற்றதில்தான் சிக்கல். பர்மியத்தில் ரகர எழுத்தை யகரமாக வாசிப்பார்கள். ரங்கூன், யாங்கோன் என்று நாம் சொல்வது ஒரே எழுத்தின் இரண்டு ஒலிதான். ழகரத்துக்கு எழுத்தே கிடையாது. அதனால் நோட்டைப் பார்த்துப் பாடுகிற பிள்ளை திருநாவுக்கரசரைத் "தியுநாவுக்கயசர்" என்கிறது. ஆரம்பத்தில் இதற்காக நான் அதட்டியிருக்கிறேன். இப்போது அதட்டுவதில்லை. முதலில் பாடட்டும், நாக்கு பின்னால் திரும்பிக்கொள்ளும்.

மே 4

மேலே நான் எழுதியதில் ஒரு தப்பு. திருத்த வேண்டும்.

எங்கள் தெருவில் எண்பது தாண்டிய ஆத்தா ஒருவர் இருக்கிறார். கையெழுத்துப் போடத் தெரியாது. முந்தாநாள் மாலை இந்தக் கேள்வியைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "அப்பர் சாமி தெரியுமா ஆத்தா?" என்றால் உதட்டைப் பிதுக்கினார். சரி, யாங்கோன் அண்ணன் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தபடி, "மாசில் வீணையும்" என்று முதல் சொல்லை எடுத்தேன். மீதியை அவர் பாடினார். நான்கு வரியும், ஒரு சொல் பிசகாமல். "மூசு வண்டறை பொய்கை" என்ற இடத்தில் குரலை இறக்கி ஏற்றிய விதம் எந்த ஓதுவாரிடமும் படித்ததல்ல. வரப்பில் நடந்துகொண்டே அவர் அப்பா பாடியதாம்.

"கடல்ல போட்டப்ப பாடினதுதானே ஆத்தா?" என்றேன்.

"யாரு சொன்னா? இது காளவாய்ப் பாட்டு" என்றார்.

வெற்றிலைக்குத் தடவ வைத்திருந்த சுண்ணாம்பு டப்பாவை என் பக்கம் தள்ளினார். "கல்லுச் சுண்ணாம்பில தண்ணி ஊத்தினா என்ன ஆகும்னு பாத்திருக்கியா? பானை குதிக்கும். அதுக்குள்ள ஒரு மனுசனை ஏழு நாளு போட்டாங்க. அவரு உள்ள உக்காந்துகிட்டு, தென்றல் அடிக்குது, குளத்தாங்கரையில இருக்கிற மாதிரி இருக்குதுன்னு பாடுறாரு. கடல்ல கிடந்தவருக்கு எதுக்குடி குளத்துத் தண்ணி?"

அவர் சொன்னதுதான் சரி. "மாசில் வீணையும்" நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில் பாடியது. கல்லோடு கடலில் போட்டபோது பாடியது "சொற்றுணை வேதியன்". அந்தப் பாட்டிலேயே சான்று இருக்கிறது: "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணையாவது நமச்சிவாயவே". கல் மிதந்து அவர் கரையேறிய இடம் கடலூர்ப் பக்கம் திருப்பாதிரிப்புலியூர். வகுப்பிலும் இரண்டொரு தடவை நான் மாற்றிச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கும்போது உடம்பு கூசுகிறது. வரும் ஞாயிறு பிள்ளைகளிடம் சொல்லித் திருத்துகிறேன்.

மே 4, கொஞ்ச நேரம் கழித்து

இன்னொன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆத்தாவுக்கு அப்பர் என்ற பெயர் தெரியவில்லை. திருநாவுக்கரசர் என்றாலும் தெரியவில்லை. "காளவாய்ச் சாமி" என்கிறார். அண்ணே, நீங்கள் வரிசையில் நின்று பெயரைத்தான் கேட்டீர்கள். பாட்டைக் கேட்டிருந்தால் யாராவது ஒருவர் வாயில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம். இருந்திருக்காது என்றும் சொல்லலாம். எங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

மே 6

கேட்டேன். நேற்று வந்திருந்தவர்கள் பத்தொன்பது பேர். "மாசில் வீணையும்" முதல் வரி ஏழு பேருக்குத் தெரியும். பொருள் இரண்டு பேருக்கு. காளவாய்க் கதையை ஆத்தா சொன்னபடியே சொன்னேன், சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியும் காட்டினேன். பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்துவிட்டுத்தான். பானை உறுமி ஆவி கிளம்பியதும் ஒருவரும் மூச்சு விடவில்லை. அதன்மேல் பாட்டைப் பாடச் சொன்னேன். பதினோரு வருடத்தில் அந்தப் பாட்டை அவ்வளவு அமைதியாக அவர்கள் பாடி நான் கேட்டதில்லை.

மே 19

நேற்று பர்மிய மாதமான கசோனின் பௌர்ணமி. புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் மறைந்ததும் இந்த நாளில்தான் என்று இங்கே கொண்டாடுகிறார்கள். பெண்கள் மண்பானையில் தண்ணீர் எடுத்து வரிசையாகப் போய்ப் போதிமரத்தின் அடியில் ஊற்றுவார்கள். கசோன் மாதம் என்றால் சுடுகிற வெயில். மரம் வாடக்கூடாது என்பதும் அதில் அடக்கம்.

எதிர்வீட்டுப் பர்மியப் பெரியம்மா வருடா வருடம் என்னையும் கூட்டிப் போவார், நானும் ஒரு பானை தூக்குவேன். நேற்றுத் திரும்பி வரும்போது கேட்டார்: "செயாமா (டீச்சர்), உங்கள் ஆசானுக்கு நீங்கள் எங்கே தண்ணீர் ஊற்றுவீர்கள்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்னதானம் செய்வோம் என்றேன். அவருக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் அப்பூதியடிகள் நினைவுக்கு வந்தார். எப்படி மறந்தேன்!

திங்களூர், திருவையாற்றுப் பக்கம். அங்கே இருந்த அப்பூதியடிகள் அப்பரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கேள்விப்பட்டதோடு சரி. அதற்கே பிள்ளைகளுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தார். வீட்டுப் பசுவுக்கும் தராசுக்கும்கூட அந்தப் பெயர். வழியில் போகிறவர்களுக்குக் குளம் வெட்டினார், தண்ணீர்ப் பந்தல் வைத்தார், எல்லாவற்றிலும் திருநாவுக்கரசு என்று எழுதினார்.

ஒரு நாள் அப்பரே அந்த வழியாக வருகிறார். வெயில். பந்தலில் தன் பெயரைப் பார்க்கிறார். அப்பூதியடிகளைத் தேடிப் போய், "இவ்வளவு தர்மம் செய்துவிட்டு உம் பெயரை எழுதாமல் வேறு யார் பெயரையோ எழுதியிருக்கிறீரே, ஏன்?" என்று கேட்கிறார். அப்பூதியாருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் பெருமை தெரியாமல் பேசும் நீர் யார் என்று சீறினார். வந்தவர் தம் பெயரைச் சொல்லவில்லை. சூலை நோய் கொடுத்து ஆட்கொள்ளப்பட்ட, தெளிவில்லாத சிறியவன் நான் என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லில் அப்பூதியார் ஆளைக் கண்டுகொண்டு காலில் விழுந்தார். பிறகு வாழையிலை அறுக்கப் போன மூத்த மகனைப் பாம்பு கடித்ததும், அப்பர் பாடி எழுப்பியதும் சேக்கிழார் சொல்லும் கதை.

பார்க்காத ஒருவரை நினைத்துக்கொண்டிருக்க அந்த மனிதர் என்ன செய்தார் பாருங்கள். கூட்டம் போடவில்லை. தண்ணீர் வைத்தார்.

மே 23

இது சுருக்கமாக. இந்த வாரம் வைகாசி மூலம், சம்பந்தர் குருபூசை. எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையை ஒரு பையன் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்டான். பெரியபுராணத்தில் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. "அப்பரும் ஒரு காலத்தில் சமணர்தானே, அவரோடு மடத்தில் இருந்தவர்களும் அதில் இருந்தார்களா?" என்றும் கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதை மழுப்பாமல் அவனிடம் அப்படியே சொன்னேன்.

ஜூன் 16

மழை பிடித்துக்கொண்டது. மோல்மீன் மழை தெரியாதவர்களுக்கு: ஜூனில் ஆரம்பித்தால் துணி காய இரண்டு மூன்று நாள் ஆகும், கோயில் பிராகாரத்தில் பாசியும் புல்லும் ஒன்றோடொன்று போட்டி போடும். குருக்கள் வழுக்கி விழுந்து கை வீங்கிவிட்டது.

இன்று வகுப்பில் எழுத்துப் பாடத்தை விட்டுவிட்டோம். அப்பர் கையில் ஏன் எப்போதும் ஒரு கருவி இருக்கிறது என்று படத்தைக் காட்டிக் கேட்டேன். மண்வெட்டி என்றார்கள், வேல் என்றார்கள், ஒரு குட்டிப் பெண் பெரிய கரண்டி என்றாள், எல்லோரும் சிரித்தோம். உழவாரப்படை. கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கிய கருவி. "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று பாடியவர் அதைக் கையால் செய்தவர்.

கொத்தும் அரிவாளும் கொட்டாங்கச்சியுமாக இறங்கினோம். இரண்டு மணி நேரத்தில் வடக்குப் பிராகாரத்தில் கல் தெரிந்தது. பெரிய பையன்கள் பேசாமல் செதுக்கினார்கள். பாடச் சொன்னால் வெட்கப்படுகிறவர்கள் அவர்கள்தான். யாங்கோன் அண்ணே, உங்கள் இளவட்டங்களையும் பந்திக்கு முன்னால் ஒரு மணி நேரம் இப்படி இறக்கிப் பாருங்கள். கொத்தைக் கையில் பிடித்தவனுக்கு அவர் பெயர் மறக்காது.

ஜூலை 8

ஆனி மகம். மாணிக்கவாசகர் குருபூசை. இதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

முதலில் சின்ன விஷயம். அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் என்ற நால்வரில் முதல் மூவர் அறுபத்துமூன்று நாயன்மாரில் வருவார்கள், மாணிக்கவாசகர் வரமாட்டார். சுந்தரர் பாடிய தொகையை வைத்துத்தான் அந்த அறுபத்துமூவர் கணக்கு, அதில் இவர் பெயர் தனியாக இல்லை. கோயில் நோட்டீசில் "அறுபத்துமூவரில் ஒருவரான மாணிக்கவாசகர்" என்று போட்டிருந்தார்கள். அடுத்த வருடம் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பெரிய விஷயம் இது. ஈழத்திலிருந்து பௌத்தர்கள் தில்லைக்கு வாதம் செய்ய வந்தார்கள், மாணிக்கவாசகர் முன்னால் ஊமையானார்கள், ஈழத்து அரசனின் பிறவி ஊமை மகள் வாய் திறந்து பதில் சொன்னாள், அந்தப் பதில்தான் திருவாசகத்தில் உள்ள திருச்சாழல் என்று ஒரு கதை உண்டு. தமிழ்நாட்டில் இதைச் சொல்வது சுலபம். இங்கே என் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு அம்மா பர்மியர். ஒருவன் கோடை விடுமுறையில் ஷின்பியு (சிறுவர்கள் கொஞ்ச நாள் பௌத்தத் துறவியாகிற சடங்கு) செய்து, ஒரு வாரம் மடத்தில் இருந்துவிட்டு வந்தவன். தலைமுடி இன்னும் முழுதாக வளரவில்லை. இத்தனை வருடமும் நான் அந்தக் கதையைத் தாண்டிப் போய்விடுவேன். நேற்று அவனே கேட்டான். வீட்டில் பாட்டி சொல்லியிருக்கிறார்.

"செயாமா, எங்க அம்மா பக்கம் ஊமையாயிட்டாங்களா?"

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. நான் கதை முழுவதையும் சொன்னேன். ஒரு காலத்தில் அங்கே அப்படி வாதம் நடந்ததாகச் சொல்கிறார்கள் என்றேன். வாய் திறக்காத ஒரு பெண் பிள்ளை பேசியதுதான் எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் என்றேன். நாம் தமிழ் படிக்கிற இந்த மண்டபம் யார் ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். அவன் தலையாட்டினான். சமாதானம் ஆனானா என்று தெரியவில்லை. மதியம் சாப்பாட்டுக்கு இருந்தான், அதுவே எனக்குப் பெரிது.

நான் மறைத்தது தப்பு. பாட்டியிடம் பாதியாகக் கேட்பதைவிட என்னிடம் முழுதாகக் கேட்டிருக்கலாம் அந்தப் பிள்ளை.

ஜூலை 21

அப்பூதியார் மனத்தைவிட்டுப் போகவில்லை.

இந்த நாட்டில் தெருவுக்குத் தெரு, மரத்தடிக்கு மரத்தடி, ஒரு சின்னக் கூரை போட்ட மேடையில் இரண்டு மூன்று மண்பானையும் குவளையும் வைத்திருப்பார்கள். யே-ஓ-சின் என்பார்கள். யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், எத்தனையோ தடவை குடித்திருக்கிறேன், ஒரு நாளும் அதை அப்பூதியாரின் பந்தலோடு சேர்த்து நினைத்ததில்லை. நம் கோயில் வாசலில் ஒன்று வைத்து, திருநாவுக்கரசு தண்ணீர்ப் பந்தல் என்று தமிழிலும் பர்மியத்திலும் எழுதலாம் என்று கூட்டத்தில் கேட்டேன்.

"கொட்டுகிற மழையில் யார் குடிப்பார்?" என்றார் ஒருவர். நியாயம்தான். மழை முடிந்து வைப்போம் என்றேன். மரக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தேக்குக் கட்டையும் தகரமும் தருவதாக ஒப்புக்கொண்டார். தன் அப்பா பெயரைப் பெரிதாகப் போட வேண்டும் என்றார். நான் அப்பூதியார் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், "நல்ல கதை, ஆனால் எங்கப்பா பெயர் வேண்டும்" என்றார். எனக்கு அன்றைக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஜூலை 24

யோசித்துப் பார்த்தேன். அவருடைய அப்பா இந்த ஊரில் மூட்டை தூக்கிப் பிழைத்து, 1960-களில் மற்றவர்கள் கப்பலேறியபோது போகாமல் நின்றவர். மகன் அவரை நினைத்துக்கொள்ள ஒரு பலகை கேட்கிறார். அப்பூதியாரும் நினைக்கத்தானே பெயர் எழுதினார். முன்னால் திருநாவுக்கரசு, பின்பக்கம் அந்த அப்பா பெயர் என்று பேசி முடித்தோம்.

நவம்பர் 24

நான்கு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கவும். ஆத்தா செப்டம்பரில் போய்விட்டார். கடைசி வாரம் அவர் கட்டிலைச் சுற்றி நின்று பிள்ளைகள் காளவாய்ப் பாட்டைப் பாடினார்கள். இரண்டாவது வரியில் ஒரு பிள்ளை "வீசு" என்பதைக் குறிலாக்கிவிட்டது. ஆத்தா கண்ணைத் திறக்காமல் விரலை மட்டும் அசைத்துத் திருத்தினார்.

பந்தல் போன வாரம் நின்றுவிட்டது. இடுப்பளவு மேடை, மூன்று பானை, மேலே தகரக் கூரை. பலகையில் தமிழ் எழுத்தைப் பெரிய பையன் ஒருவன் எழுதினான். பர்மிய எழுத்தை ஷின்பியு செய்த பையன் எழுதினான், அவன் கையெழுத்துத்தான் எங்கள் வகுப்பிலேயே அழகு. தண்ணீர் நிரப்ப முறை வைத்திருக்கிறோம், பானையை உள்ளே தேய்த்துக் கழுவிய பிறகுதான் ஊற்ற வேண்டும்.

இன்று காலை என் முறை. ஏழு மணி இருக்கும். ஒரு சைக்காக்காரர் (சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்) வண்டியை ஓரம் கட்டி ஒரு குவளை குடித்தார். இரண்டாவது குவளையை மொண்டு கையில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார். பர்மிய எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தார்.

"தி-யு-நா-வுக்-க-ய-சு."

யார் இவர், இந்தக் கோயிலுக்குக் கொடை கொடுத்தவரா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வயிற்று வலியிலிருந்து தொடங்கினேன்.